ஒரு குதிரைவலுவின் விலை என்ன?

கொஞ்சம் நீண்ட பதிவு. ஒரு பிளேன்டீயை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

கடந்த வாரம் இடைவேளை நேரம். உயர்தர வகுப்புப் பொடியன்கள் ஐந்தாறு பேர் வேப்ப மரத்தடியில் ஒரு தொலைபேசியைச் சுற்றி நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். பாடசாலைக்குத் தொலைபேசி கொண்டுவரக் கூடாது என்பது வேறு கதை. அன்று நாம் அதைக் காணாதது போல இருந்துவிட்டோம். கிரிக்கெட்டாக இருக்கும் என்று நினைத்துத்தான் பக்கத்தில் போனோம். கிரிக்கெட் இல்லை, கார். அமெரிக்காவில் அடுத்து வரப்போகிற ஒரு புதிய மசில் கார். "இவ்வளவு காசுக்கு இந்த வேகம் காணாது" என்று ஒரு கட்சி. "இந்தக் காசுக்கு இந்தப் பவரை வேற எவன் தாறான்?" என்று மறு கட்சி. அந்தக் கூட்டத்தில் எவனிடமும் சைக்கிளுக்கு மேல் சொந்த வாகனம் இல்லை. ஒருவனுக்கு மட்டும் காக்காவின் மோட்டார் சைக்கிள் இருக்கிறது, அதுவும் காக்கா தூங்கும் நேரத்தில்.

எம்மைக் கண்டதும் ஒருவன் கேட்டான்: "சேர், வெலைய குதிரைவலுவால வகுத்துப் பாத்தா, ஒரு குதிரைவலு என்ன வெலைக்கு விழுது எண்டு தெரியும்தானே? அதுதானே சரியான கணக்கு?"

கணக்குச் சரிதான். ஆனால் வரலாறு படிப்பிக்கும் எமக்கு, அந்த வகுத்தலில் ஏதோ ஒன்று விடுபடுவதாகத் தோன்றியது. மணி அடித்துவிட்டதால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதில்தான் இந்தப் பதிவு. பிள்ளைகளுக்காக எழுதத் தொடங்கினோம். எழுதி முடித்தபோது, வாப்பாமாரும் வாசிக்க வேண்டியது என்று பட்டது.

முதலில், மசில் கார் என்றால் என்ன? அது பந்தயத்துக்கென்று செய்த கார் அல்ல. பணக்காரனின் அலங்காரக் காரும் அல்ல. சாதாரணக் குடும்பம் வாங்கும் நடுத்தரக் காரின் கூட்டுக்குள், பெரிய காருக்கென்று செய்த பெரிய எஞ்சினைத் தூக்கி வைப்பது. கூடு இலேசு, எஞ்சின் பலம், விலை ஒரு தொழிலாளியின் கைக்கு எட்டும் தூரம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். விலை மட்டும் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டால் அது வேறு ஏதோ வேகமான கார். மசில் கார் அல்ல. ஆகவே விலையையும் வேகத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பது இந்தக் காரோடு கூடவே பிறந்த பழக்கம்.

இந்த எண்ணத்தின் விதை 1949 இல் விழுந்தது. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் ஓல்ட்ஸ்மொபைல் பிரிவு, தனது புதிய வி8 எஞ்சினைச் சிறிய கூட்டுக்குள் வைத்து ரொக்கட் 88 என்ற காரை வெளியிட்டது. 135 குதிரைவலு. இன்று எமது வீதியில் ஓடும் சாதாரணக் கார்கள் சிலவற்றுக்கே அந்த அளவு வலு உண்டு. அன்று அது பெரிய விடயம். 1955 இல் கிறைஸ்லர் நிறுவனம் சி-300 என்ற காரைக் கொண்டுவந்தது. பெயரிலேயே வலுவைச் சொல்லிவிட்டார்கள்: 300 குதிரைவலு. ஆனால் அதன் விலை 4,000 டொலருக்கும் மேல். அது டொக்டர்மாரும் முதலாளிமாரும் வாங்கும் கார்.

உண்மையான கதை 1964 இல் தொடங்குகிறது. அது ஒரு விதிமீறலோடு தொடங்குகிறது என்பதுதான் சுவாரசியம்.

1963 ஜனவரியில் ஜெனரல் மோட்டோர்ஸ் தலைமைப்பீடம், தனது பிரிவுகள் எதுவும் மோட்டார் பந்தயத்தில் ஈடுபடக் கூடாது என்று கட்டளையிட்டது. பந்தயத்தில் வென்று பெயர் வாங்கிக்கொண்டிருந்த பொன்டியாக் பிரிவுக்கு இது பேரிடி. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக் கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. பொன்டியாக்கின் தலைமைப் பொறியியலாளர் ஜோன் டிலோரியனும் அவரோடு இருந்தவர்களும் அந்த விதியைக் கவனமாக வாசித்தார்கள். விதி புதிய மாடல்களைப் பற்றித்தான் பேசியது. ஏற்கெனவே உள்ள ஒரு மாடலுக்கு வாடிக்கையாளர் மேலதிகமாகக் கேட்டு வாங்கும் பொருட்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அந்த ஓட்டைக்குள்ளால் போனார்கள். லெமான்ஸ் என்ற சாதாரணக் காருக்கு, சுமார் 296 டொலர் கூடுதலாகக் கொடுத்தால் 389 கன அங்குல எஞ்சின், அதாவது 6.4 லீற்றர். அந்த மேலதிகப் பொதிக்கு ஜி.டி.ஓ. என்று பெயர்.

325 குதிரைவலு. மூன்று கார்புரேட்டர் வைத்தது என்றால் 348. முழுக் காரின் விலை 2,850 டொலர் அளவில்.

விற்பனைப் பிரிவுக்கு நம்பிக்கை இல்லை. 5,000 கார் மட்டும் செய்து பார்ப்போம் என்றார்கள். முதல் வருடமே 32,450 விற்றது. அடுத்த வருடம் 75,000 ஐத் தாண்டியது. 1966 இல் 96,946.

ஏன் இவ்வளவு பேர் வாங்கினார்கள்? இங்கேதான் காரை விட்டுவிட்டு மனிதர்களைப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய சிப்பாய்கள் கலியாணம் முடித்தார்கள். 1946 முதல் அமெரிக்காவில் பிள்ளைப் பேறு பெருகியது. அந்த முதல் பிள்ளைகளுக்கு 1964 இல் பதினெட்டு வயது. அவர்களின் வாப்பாமாருக்குத் தொழிற்சாலையில் நல்ல சம்பளம். பெற்றோல் கலன் ஒன்று 30 சதம் அளவில். நெடுஞ்சாலைகள் புதிதாகப் போடப்பட்டுக்கொண்டிருந்தன. தவணை முறையில் கார் எடுக்கலாம். அதே 1964 ஏப்ரல் 17 இல் போர்ட் நிறுவனம் 2,368 டொலருக்கு மஸ்டாங் காரை வெளியிட்டபோது, முதல் நாளிலேயே 22,000 பேர் பதிவு செய்தார்கள் என்றால் அந்தத் தலைமுறையின் அவசரத்தை விளங்கிக்கொள்ளலாம். டெட்ரொயிட் நகரின் வூட்வர்ட் அவெனியூவில் இரவானால் இளைஞர்கள் சிவப்பு விளக்கிலிருந்து சிவப்பு விளக்குக்குப் போட்டி ஓடினார்கள். பகலில் காரைச் செய்த பொறியியலாளர்களும் இரவில் தமது காரை அங்கே கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தார்கள்.

அந்த இளைஞர்களும் எமது வேப்ப மரத்தடிப் பொடியன்கள் போலத்தான். அடுத்த வருட மாடல் என்ன விலை, எத்தனை குதிரைவலு, கால் மைலை எத்தனை செக்கனில் ஓடும் என்று சஞ்சிகைகளைப் புரட்டிப் புரட்டி வாதாடினார்கள். கால் மைல் என்பது 402 மீற்றர். நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு அந்தத் தூரத்தைக் கடக்க எத்தனை செக்கன் என்பதுதான் அவர்களின் அளவுகோல்.

ஆனால் சஞ்சிகை சொன்னதெல்லாம் உண்மையா? 1964 மார்ச் மாதம் 'கார் அண்ட் டிரைவர்' சஞ்சிகை பொன்டியாக் ஜி.டி.ஓ.வை இத்தாலியின் பெராரி ஜி.டி.ஓ.வோடு ஒப்பிட்டு எழுதியது. பொன்டியாக் 4.6 செக்கனில் மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட்டதாகப் போட்டார்கள். நாடே அதிசயித்தது. பல வருடங்கள் கழித்து, அந்த விளம்பர வேலையின் சூத்திரதாரி ஜிம் வேங்கர்ஸ் உண்மையை ஒப்புக்கொண்டார்: பரீட்சைக்குக் கொடுத்த காருக்குள் இருந்தது 389 எஞ்சின் அல்ல, அதைவிடப் பெரிய 421. பரீட்சையில் ஆள்மாறாட்டம்! எமது மண்டபத்தில் யாராவது இப்படிச் செய்திருந்தால் பரீட்சையே எழுத முடியாமல் போயிருக்கும்.

போட்டி சூடு பிடித்தது. 1966 இல் கிறைஸ்லர் தனது 426 கன அங்குல ஹெமி எஞ்சினை வீதிக் கார்களுக்குக் கொடுத்தது. 7 லீற்றர், 425 குதிரைவலு. ஆனால் ஒவ்வொரு வருடமும் அலங்காரங்கள் கூடின, விலையும் கூடியது. இளைஞனின் கைக்கு மீண்டும் எட்டாமல் போனது. அப்போது அதே கிறைஸ்லரின் பிளைமவுத் பிரிவு ஒரு நேர்மையான கேள்வியைக் கேட்டது: வேகத்துக்குத் தேவையில்லாத எல்லாவற்றையும் கழித்துவிட்டால் 3,000 டொலருக்குள் ஒரு வேகமான காரைக் கொடுக்க முடியாதா?

அதற்குப் பதில் 1968 இன் ரோட் ரன்னர். உள்ளே சாதாரண இருக்கை, சாதாரண றப்பர் விரிப்பு. எஞ்சின் மட்டும் 383 கன அங்குலம், 335 குதிரைவலு. ஆரம்ப விலை 2,896 டொலர். கார்ட்டூன் பறவையின் பெயரைப் பாவிப்பதற்கு வோர்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு 50,000 டொலர் கொடுத்து, அந்தப் பறவை போலவே 'பீப் பீப்' என்று ஒலிக்கும் ஹோர்ன் ஒன்றையும் பூட்டினார்கள். முதல் வருடம் ஏறத்தாழ 45,000 விற்றது. எமது மாணவனின் வகுத்தலை இங்கே செய்து பார்த்தால், ஒரு குதிரைவலு 9 டொலருக்கும் குறைவு.

இனி, அந்த வகுத்தலில் விடுபட்டவற்றுக்கு வருவோம்.

முதலாவது விடுபட்டது, உயிர். அமெரிக்க வீதிகளில் ஒரு வருடத்தில் இறந்தோர் தொகை 1966 இல் முதன்முறையாக 50,000 ஐத் தாண்டியது. 1972 இல் 54,589. அந்த நாட்டு வரலாற்றில் இதுதான் உச்சம். இவை எல்லாம் மசில் கார்களால் நடந்தவை என்று சொன்னால் அது அநியாயம். ஆனால் அந்தக் கால மசில் கார்கள் பல எப்படி இருந்தன என்று பாருங்கள். நேராக ஓடுவதற்கு 400 குதிரைவலு, நிற்பதற்கு நாலு சக்கரத்திலும் பழைய டிரம் பிறேக், ஒல்லியான டயர். ஓடத் தெரிந்த அளவுக்கு நிற்கத் தெரியாது. றல்ஃப் நேடர் என்ற இளம் சட்டத்தரணி 1965 இல் கார்க் கம்பனிகளின் பாதுகாப்புக் குறைபாடுகளைப் பற்றிப் புத்தகம் எழுதி நாட்டை உலுப்பினார். அடுத்த வருடமே வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

இரண்டாவது விடுபட்டது, காப்புறுதி. விபத்துக்கு நட்டஈடு கொடுத்துக் களைத்த காப்புறுதிக் கம்பனிகளும் வகுத்தல் கணக்குச் செய்தன. ஆனால் அவர்கள் வகுத்தது காரின் எடையைக் குதிரைவலுவால். ஒரு குதிரைவலுவுக்கு எடை எவ்வளவு குறைவோ, கட்டணம் அவ்வளவு கூட. இருபத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண்பிள்ளை என்றால் இன்னும் கூட. 1970 அளவில், சில இளைஞர்களுக்குக் காப்புறுதிக் கட்டணம் காரின் தவணைக் காசை நெருங்கியது. கம்பனிகள் அதற்கும் ஒரு தந்திரம் செய்தன: எஞ்சினின் வலுவைக் குறைத்துச் சொன்னார்கள்! போர்ட்டின் 428 கோப்ரா ஜெட் எஞ்சினுக்கு 335 குதிரைவலு என்று எழுதினார்கள். உண்மையில் அது 400 ஐத் தாண்டும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். சஞ்சிகைக்குக் கொடுக்கும்போது கூட்டினார்கள், காப்புறுதிக்குக் கொடுக்கும்போது குறைத்தார்கள்.

மூன்றாவது விடுபட்டது, காற்று. 1970 இன் தூய காற்றுச் சட்டம், காரின் புகையிலுள்ள நச்சை ஐந்தாறு வருடத்துக்குள் 90 வீதம் குறைக்கச் சொன்னது. புகையைச் சுத்திகரிக்கும் கருவிக்கு ஈயம் கலந்த பெற்றோல் ஆகாது. ஈயம் இல்லாத பெற்றோலுக்கு அன்றைய உயர் அமுக்க எஞ்சின் ஆகாது. ஆகவே 1971 மாடல்களிலிருந்து எஞ்சின்களின் அமுக்க விகிதத்தைக் குறைத்தார்கள். வலுவும் இறங்கியது.

அதோடு, அளக்கும் முறையும் மாறியது. அதுவரை எஞ்சினைத் தனியாக மேசையில் ஏற்றி, சைலன்சர் போன்ற எதையும் பூட்டாமல் அளந்தார்கள். 1972 முதல் காரில் எப்படி இருக்குமோ அப்படியே எல்லாவற்றையும் பூட்டி அளந்தார்கள். செவர்லேயின் 454 கன அங்குல எஞ்சின் ஒன்றுக்கு 1971 இல் இரண்டு அளவையும் வெளியிட்டார்கள்: பழைய முறையில் 365, புதிய முறையில் 285. ஒரே வருடம், ஒரே எஞ்சின். இந்த இரண்டு எண்களையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நாலாவது விடுபட்டது, எண்ணெய். 1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடை செய்தன. பீப்பாய் ஒன்று 3 டொலர் அளவிலிருந்து சில மாதங்களில் 12 டொலரை நெருங்கியது. அமெரிக்காவில் பெற்றோல் செட்டுக்கு முன்னால் வரிசை. மணிக்கு 55 மைலுக்கு மேல் ஓடக்கூடாது என்று நாடு முழுவதற்கும் சட்டம். அந்த வேகக் கட்டுப்பாடு வந்த 1974 இல் வீதி மரணங்கள் 45,000 அளவுக்கு இறங்கின என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த 1973, 74 காலத்தை எமது ஊர்ப் பெரியவர்கள் வேறு விதமாக ஞாபகம் வைத்திருப்பார்கள்: பாணுக்கு வரிசை, அரிசிக்குத் தட்டுப்பாடு. அமெரிக்காவில் பெற்றோல் வரிசை நின்ற காலத்தில் இங்கே பாண் வரிசை நின்றது.

1974 இன் ஜி.டி.ஓ.வுக்கு 200 குதிரைவலு. விற்றது 7,000 சொச்சம். அதோடு அந்தப் பெயரை நிறுத்திவிட்டார்கள். பத்தே வருடத்தில் ஒரு காலம் பிறந்து, வளர்ந்து, அடங்கியது.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. 1971 இல் பிளைமவுத் கம்பனி ஹெமி எஞ்சின் வைத்த, கூரை திறக்கும் 'குடா' கார்களை வெறும் 11 தான் செய்தது. காரணம், கேட்பாரில்லை. விலை கூட, காப்புறுதி அதைவிடக் கூட. அன்று எவரும் விரும்பாத அந்தப் பதினொன்றில் ஒன்று 2014 ஜூனில் சியாட்டல் நகர ஏலத்தில் 35 இலட்சம் டொலருக்குப் போனது. அன்று விற்காமல் கிடந்தது அரிதானது, அரிதானது பொக்கிஷமானது. விலை என்பது பொருளுக்குள் இருப்பதில்லை, காலத்துக்குள் இருக்கிறது என்று வகுப்பில் நாம் சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அதே 2014 கோடையில்தான் இரண்டாவது மசில் கார் யுகத்தின் பெரிய வாதம் நடந்தது. கணினி எரிபொருளை அளந்து கொடுக்கும் காலம் வந்த பிறகு, சுத்தமான புகையோடும் வலுவைப் பெற முடிந்தது. 2005 இல் பழைய வடிவத்தில் மஸ்டாங் வந்தது, 2008 இல் டொட்ஜ் செலஞ்சர், பிறகு கமாரோ. 2012 இன் கமாரோ இசட்.எல்.1 காருக்கு 580 குதிரைவலு, ஏறத்தாழ 55,000 டொலர். 2013 இன் ஷெல்பி ஜி.டி.500 காருக்கு 662 குதிரைவலு, அதுவும் 55,000 அளவில். இந்த நிலையில் 2014 மே மாதம் டொட்ஜ், ஹெல்கெட் என்ற ஒரு செலஞ்சரைக் காட்டி, 600 குதிரைவலுவுக்கு மேல் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டது. சரியான எண்ணும் சொல்லவில்லை, விலையும் சொல்லவில்லை.

இரசிகர்கள் துடித்தார்கள். 70,000 வரும் என்றார்கள் சிலர். அந்தக் காசுக்குக் கோர்வெட் எடுக்கலாமே என்றார்கள் வேறு சிலர். இவ்வளவு பாரமான காருக்கு எவ்வளவு வலு இருந்தும் என்ன, டயர் சுழலுமே தவிரக் கார் நகராது என்றார்கள் இன்னும் சிலர். ஜூலையில் எண் வந்தது: 707. விலை 60,000 டொலருக்கு 5 டொலர் குறைவு. வாதம் ஓய்ந்தது. கடை வாசலில் கூட்டம் கூடியது.

அந்தக் காருக்கு இரண்டு சாவி. கறுப்புச் சாவியால் ஓட்டினால் 500 குதிரைவலு மட்டும். சிவப்புச் சாவியால் ஓட்டினால் முழு 707. செய்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது, எல்லாச் சாவியையும் எல்லோரிடமும் கொடுக்க முடியாது என்று.

இப்போது எமது மாணவனின் கணக்குக்கு வருவோம். 60,000 ஐ 707 ஆல் வகுத்தால் ஒரு குதிரைவலு ஏறத்தாழ 85 டொலர். 1964 இன் ஜி.டி.ஓ.வில் அது 9 டொலருக்கும் குறைவு. பத்து மடங்கு கூடிவிட்டதா? அவசரப்பட வேண்டாம். 1964 இன் ஒரு டொலர், வாழ்க்கைச் செலவைப் பார்த்தால் 2014 இன் ஏழரை டொலருக்குச் சற்று மேல். ஆகவே 2,850 டொலர் என்பது 2014 இன் காசில் 21,600 அளவில். அடுத்து அந்த 325 குதிரைவலு பழைய முறையில் அளந்தது. மேலே ஞாபகம் வைக்கச் சொன்ன 365 இற்கு 285 என்ற அதே விகிதத்தில் குறைத்தால் 254 அளவில் வரும். 21,600 ஐ 254 ஆல் வகுத்துப் பாருங்கள்.

85 டொலர்.

நாம் இரண்டு தரம் போட்டுப் பார்த்தோம். இது எமது தோராயமான கணக்குத்தான். சில டொலர் அங்கே இங்கே ஆகலாம். ஆனாலும் ஐம்பது வருடம், ஒரு எண்ணெய் நெருக்கடி, எத்தனையோ சட்டம், கணினி யுகம் எல்லாம் கடந்து, கடையில் ஒரு குதிரைவலுவின் விலை கிட்டத்தட்ட அசையவே இல்லை. மாறியது என்ன? முன்பு ஒருவன் 254 குதிரைவலுவோடு திருப்திப்பட்டான். இப்போது 707 கேட்கிறான். ஒரு குதிரையின் விலை அப்படியே இருக்க, மனிதனின் ஆசை மட்டும் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிட்டது.

ஆசை அங்கேயும் நிற்கவில்லை. 2018 இல் டீமன் என்ற கார். பந்தயப் பெற்றோல் ஊற்றினால் 840 குதிரைவலு, 84,995 டொலர். எடையைக் குறைக்க ஓட்டுநர் இருக்கை ஒன்றைத்தான் வைத்தார்கள்; மற்ற இருக்கைகள் வேண்டுமானால் முன்னுக்கு ஒரு டொலர், பின்னுக்கு ஒரு டொலர். 2023 இல் டீமன் 170. 1,025 குதிரைவலு, கால் மைல் 8.91 செக்கன், 96,666 டொலர். அந்த வருட இறுதியில் கனடாவின் பிரம்ப்டன் தொழிற்சாலையில் செலஞ்சர் உற்பத்தியே முடிவுக்கு வந்தது. அடுத்து வந்த மின்சார சார்ஜர் காருக்கு 670 குதிரைவலு. ஆனால் எஞ்சின் இல்லாத காருக்குப் பழைய உறுமலைச் செயற்கையாக ஒலிக்கவிட்டார்கள். வாங்க ஆள் குறைவாக இருந்தது. 2025 இல் ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சினோடும் கொண்டுவந்தார்கள். மறுபக்கம் போர்ட்டின் மஸ்டாங் ஜி.டி.டி.; 815 குதிரைவலு, விலை மூன்று இலட்சம் டொலருக்கும் மேல். ஒரு குதிரைவலு 400 டொலரை நெருங்குகிறது. அது அருமையான கார்தான். ஆனால் மஸ்டாங் என்ற பெயரை 2,368 டொலருக்கு வாங்கிய அந்தத் தொழிலாளியின் பேரன் அதைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்க்க முடியும்.

காப்புறுதிக் கதையும் திரும்பி வந்திருக்கிறது. அமெரிக்காவின் காப்புறுதித் தரவு நிறுவனம் 2023 இல் வெளியிட்ட ஆய்வில், சார்ஜர் ஹெல்கெட் கார் சராசரிக் காரைவிட 60 மடங்குக்கு மேல் களவு போகிறது என்று கண்டது. 1970 இல் இளைஞன் மோதுவான் என்று பயந்தார்கள். இப்போது கள்ளன் கொண்டுபோவான் என்று பயப்படுகிறார்கள். எப்படியோ கட்டணம் கூடத்தான்.

எமது நாட்டில் இந்தக் காருக்கு என்ன விலை என்று அந்தப் பொடியன்கள் கேட்பார்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இங்கே வரி எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து ஏறுகிறது. ஹெல்கெட்டின் எஞ்சின் 6,166 சீசீ. மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 2022 இல் கிவ்.ஆர். காட்டி வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று அடித்த நாட்களையும் மறக்க வேண்டாம். அந்த 20 லீற்றரில் ஹெல்கெட் எத்தனை நாள் ஓடும்?

சரி, இவ்வளவையும் ஏன் எழுதினோம்?

அந்தப் பொடியன்களின் கணக்குப் பிழை என்று சொல்ல அல்ல. விலையை வலுவால் வகுத்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளை நல்ல பிள்ளை. கம்பனி சொல்லும் எண்ணைச் சந்தேகப்படவும் அவன் பழகினால் இன்னும் நல்லது. வேகத்தின் மேல் ஆசை வைப்பதும் குற்றமில்லை. நாமும் ஒரு காலத்தில் வாப்பாவின் பழைய ஹொண்டா 50 ஐக் கடற்கரை வீதியில் முறுக்கிப் பார்த்தவர்கள்தான். காற்று காதுக்குள் இரைவது எங்களுக்கும் தெரியும்.

ஆனால் விலைச்சீட்டில் எழுதியிருப்பது, கடைக்காரனுக்குக் கொடுக்கும் பங்கு மட்டும். மிச்சத்தை வேறு யாரோ கொடுக்கிறார்கள், வேறு எங்கேயோ. 1972 இல் அமெரிக்காவில் 54,589 வீடுகள் அதைக் கொடுத்தன. எமது ஊரில் பெருநாள் பின்னேரங்களில், சைலன்சரைக் கழற்றிவிட்டு வீதியில் பறக்கும் பிள்ளைகளின் சத்தம் கேட்கும்போது, வீட்டு வாசலில் நிற்கும் உம்மாமாரின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அவர்கள் அந்த நேரத்தில் தவணை முறையில் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எமது வகுப்பில் மூன்றாவது வரிசையில் இருந்து, கேள்விமேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த ஒரு பிள்ளை இன்று ஊன்றுகோலோடு நடக்கிறான். அவனது வண்டிக்கு வெறும் இருபது குதிரைவலு. பெயரைச் சொல்லவில்லை, ஊருக்குத் தெரியும். அவனும் இதை வாசிப்பான். அவனிடம் கேட்டுத்தான் இந்த வரிகளை எழுதினோம். "போடுங்க சேர், ஒருத்தனாவது வாசிக்கட்டும்" என்றான்.

வாப்பாமாருக்கு ஒரு வேண்டுகோள். சாதாரணதரத்தில் ஒன்பது ஏ எடுத்தால் பைக் என்று வாக்குக் கொடுக்கும் முன், உங்கள் வீட்டில் கறுப்புச் சாவி இருக்கிறதா என்று யோசியுங்கள். ஹெல்மெட்டையும் அனுமதிப்பத்திரத்தையும் வாங்கிய பிறகு வண்டியை வாங்குங்கள்.

பிள்ளைகளே, அடுத்த இடைவேளையில் அதே வேப்ப மரத்தடிக்கு வருவோம். அந்தப் புதிய காரின் விலையையும் வலுவையும் எழுதிக் கொண்டுவாருங்கள். 85 டொலருக்குக் கூடவா குறைவா என்று சேர்ந்தே வகுத்துப் பார்ப்போம். தொலைபேசி மட்டும் வீட்டில் இருக்கட்டும், அதிபர் பார்த்தால் எமக்கும் சேர்த்துத்தான் ஏச்சு.